செவ்வாய்க்கிழமை என் பஸ்ஸில் ஏறிய பிள்ளை

என் மகள் லக்சிகாவுக்கு வயது பதினாறு. குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். திங்கள், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பள்ளிக்கூடம். புதன்கிழமை ரேஃப் தொழிற்கல்லூரி. செவ்வாய்க்கிழமை ஆர்ண்டெல் பார்க்கில் லொறி திருத்தும் வேலைத்தளம் ஒன்றில் சம்பளத்தோடு பயிற்சி. பள்ளிக்கூடத்தை முடிக்கும்போது பன்னிரண்டாம் வகுப்பு எச்.எஸ்.சி. சான்றிதழும் கையில் இருக்கும், லொறி, பஸ் திருத்தும் மெக்கானிக் பயிற்சியில் முதலாம் வருடமும் முடிந்திருக்கும்.

பார்த்தீர்களா, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இதை வாய் திறந்து சொல்ல எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதற்கு முன் நான் சொன்னது வேறு, செய்தது வேறு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாசித்துவிட்டு என்னைத் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டலாம், நானே என்னைப் போதிய அளவு திட்டியாயிற்று.

என் பெயர் அருந்தவன். பஸ் சாரதி. பதினாறு வருடமாக இந்தப் பக்கத்துத் தெருக்களில் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால், ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கோழி வெட்டும் தொழிற்சாலை, அலுவலகம் கூட்டித் துடைப்பது, பெற்றோல் நிலையம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஏன் இப்படி முறிகிறாய் என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: பிள்ளை என்னைப் போல வரக் கூடாது. அதைப் பிள்ளையின் முன்னாலேயே சொல்லுவேன், பெருமையாக வேறு சொல்லுவேன். தகப்பனைப் போல வருவது ஒரு கேடு என்று தகப்பனே சொல்லிக் கொடுத்தால் பிள்ளை என்னத்தை நினைக்கும் என்று நான் யோசித்ததில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எட்டு வயதில் எங்கள் டிப்போவின் குடும்ப நாளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மற்றப் பிள்ளைகள் முகத்தில் சாயத்தால் புலி கீறுவதற்கு வரிசையில் நிற்க, இவள் பஸ்ஸுக்குக் கீழே திருத்துகிற குழிக்குள் இறங்கிவிட்டாள். அரை மணித்தியாலம் தேடினோம். மெக்கானிக் ஒருவனிடம் ரோர்ச்சை வாங்கி அவனுக்கே வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். அது விளையாட்டு என்று நினைத்ததால் சிரிக்க முடிந்தது.

பத்தாம் வகுப்பில் ஒரு கிழமை வேலை அனுபவத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். யோகா, என் மனைவி, தான் வேலை செய்கிற குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டு வைத்திருந்தாள். லக்சிகா தானாகவே அந்த லொறி வேலைத்தளத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பேசிவிட்டாள். கிழமை முடிய அதன் முதலாளி டெரி, அடுத்த வருடமும் இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதினார். தொழில் வழிகாட்டும் ரீச்சர் படிவங்களோடு வந்தா. முதலாளி, பிள்ளை, பள்ளிக்கூடம், பெற்றோர் என்று நாலு பேரும் ஒப்பமிட வேண்டிய ஒப்பந்தம்.

குசினி மேசையில் அது இரண்டு நாள் கிடந்தது. பிள்ளை படிப்பை விடவில்லையே, படிப்போடு சேர்த்துத்தானே இதையும் செய்யப் போகிறாள் என்றாள் யோகா. எனக்கு அது கேட்கவில்லை. படிவத்தில், முதல் மூன்று மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் மூன்று தரம் வாசித்துவிட்டு ஒப்பமிட்டேன். மூன்று மாதம் டீசலும் கிறீசும் மணந்தால் புத்தி வரும், ஓடி வந்துவிடுவாள் என்பது என் கணக்கு. லக்சிகா என்னைக் கட்டிப்பிடித்து "Thanks, Appa" என்றாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், எங்கள் வீட்டு வழக்கம் அது.

அவள் ஓடி வருவதற்காக நான் என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். ஊர் பேர் தெரியாத சனத்தையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன், சொந்தப் பிள்ளையை ஒரு நாள் காரில் கொண்டுபோய் இறக்கியதில்லை. விடுமுறை நாளில்கூட, நடந்து போகட்டும், அப்போதுதான் அலுக்கும் என்று படுத்திருந்தேன். சனிக்கிழமைக்குக் கணித ரியூஷன் ஒன்றையும் போட்டேன். அவள் அதற்கும் போனாள். செவ்வாயும் புதனும் தவறுகிற பாடங்களை ரெயினில் இருந்தபடி எழுதினாள். ஆங்கிலக் கட்டுரைக் குறிப்புகளைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி, தலை சீவும்போது பாடமாக்கினாள். நகக்கண்ணில் கறுப்பு. வீடெல்லாம் அந்த மெக்கானிக் சவர்க்காரத்தின் ஆரஞ்சுத் தோடம்பழ வாசம். மூன்று மாதம் முடிந்தது. ஓடி வந்தது ஒருவருமில்லை.

இனிக் கணேசலிங்கம் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது கடந்த மனிதர், ஊரில் வங்கி மனேஜராக இருந்தவர். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழாவை வருடா வருடம் அவர்தான் நடத்துவார். எச்.எஸ்.சி.யில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, பெயரையும் புள்ளியையும் கிடைத்த பல்கலைக்கழகத்தையும் ஒலிவாங்கியில் வாசிப்பார். தாய் தகப்பனும் கூட ஏற வேண்டும். அந்த மேடையில் நான் என் மனதுக்குள் எத்தனை தரம் ஏறிப் பார்த்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உடுக்கப் போகிற சேர்ட் வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன்.

முழங்கால் வருத்தத்துக்காக அண்ணை செவ்வாய்க்கிழமைகளில் பிளாக்டவுன் நீச்சல் தடாகத்துக்குத் தண்ணீர்ப் பயிற்சிக்குப் போவார். ஏழு பத்துக்கு குவேக்கர்ஸ் ஹில் ஸ்ரேசனிலிருந்து எடுக்கிற என் பஸ்ஸில்தான் ஏறுவார். முன் இருக்கையில் துவாய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு கதை. அவள் பயிற்சி தொடங்கிய முதல் செவ்வாய்க்கிழமையே, மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டார். மருத்துவப் படிப்புக்கு நுழைவுப் பரீட்சை வகுப்புக்குப் போகிறாள் என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமை அவர் மேலே கேட்டபோது யோசித்துத்தான் சொன்னேன். மாதிரிப் பரீட்சையில் புள்ளி எவ்வளவு என்றுகூடச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறும் கூடக் கூடப் போட வேண்டியிருக்கிறது.

அந்த நல்ல மனிதர் அதை நம்பி, தனக்குப் பெறாமகன் முறையான பையன் படித்து முடித்த பரீட்சைப் புத்தகங்களை ஒரு பை நிறையச் சுமந்துகொண்டு வந்து, முழங்கால் வருத்தத்தோடு பஸ் படியேறி என்னிடம் தந்தார். நன்றி சொல்லி வாங்கி டிப்போவில் என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்குக் கொண்டு போனால் பிள்ளை ஏதென்று கேட்பாளே.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல குளிர். சமிக்ஞை பழுதாகி ரெயின் எல்லாம் நின்றுவிட்டது. லக்சிகா வழக்கமாக ரெயினில்தான் பிளாக்டவுன் போய் அங்கிருந்து வேலைத்தளத்துக்கு வேறு பஸ் பிடிப்பாள். என் பஸ்ஸில் அவள் ஏற வேண்டி வந்ததே இல்லை. அன்றைக்கு ஸ்ரேசனில் நின்ற சனமெல்லாம் என் கதவடிக்கு வந்தது. அண்ணை முதல் ஆளாக ஏறித் தன் இடத்தில் இருந்துவிட்டார். பின்னால் ஒவ்வொருவராக ஓப்பல் பயண அட்டையைத் தட்டிக்கொண்டு ஏற, நடுவில் என் மகள் ஏறினாள்.

செம்மஞ்சள் நிற வேலைச் சேர்ட், முழங்காலில் எண்ணெய்க் கறை பட்ட காற்சட்டை, இரும்பு முனை வைத்த சப்பாத்து. சாரதி ஆசனத்தில் என்னைக் கண்டவுடன் அவள் முகம் மலர்ந்தது. அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். நான் முகத்தை அட்டை இயந்திரத்தின் பக்கம் திருப்பி, எல்லோருக்கும் சொல்லுகிற குரலில், பின்னுக்குப் போங்கோ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். சனம் நெருக்கியதில் மூன்றாவது வரிசைக்கு மேல் போக முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணை திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"உந்தப் பிள்ளை எங்கட ஆக்கள் மாதிரிக் கிடக்கு. ஆற்ற பிள்ளை, தெரியுமோ?"

"தெரியாது அண்ணை," என்றேன். "இண்டியாக்காரப் பிள்ளை போல."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளைக்குத் தமிழ் கேட்காது என்று யார் சொன்னது? பிளாக்டவுன் வரைக்கும் நான் அந்தக் கண்ணாடியை மறுபடி பார்க்கவில்லை. பஸ் ஓட்டுகிறவன் கண்ணாடி பார்க்காமல் ஓட்டினேன், அதுவும் சட்டப்படி பிழை. இந்த நகரத்தில் இறங்குகிற சனம் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கும், பள்ளிக்கூடத்துப் பொடியள்கூடச் சொல்லுவார்கள். அவள் பின் கதவால் இறங்கிப் போனாள்.

வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. அதுவரை வெட்கம் என்று நினைத்தது வேறு. ஊர் என்ன சொல்லும், மேடையில் என் பெயர் வராதே என்பதை வெட்கம் என்று நினைத்திருந்தேன். அதில் ஒன்றும் நெஞ்சைப் பிடிக்கவில்லை. இது பிடித்தது. நீல நிறச் சீருடையில் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தவன், செம்மஞ்சள் சேர்ட் போட்ட பிள்ளையைப் பார்த்துக் கூசியிருக்கிறேன். வேறொருவன் இதைச் செய்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், பிடித்திருந்தால் நானும் கத்தி எல்லாவற்றையும் ஒரு கரையாக்கியிருக்கலாம். அவள் கையைக் கழுவினாள், சாப்பிட்டாள், கணிதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அடுத்தடுத்த நாட்களிலும் கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னாள். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. அதற்கு முன் இரவுச் சாப்பாட்டில் டெரி சொன்ன பகிடி, ரேஃபில் கழற்றிப் பூட்டிய இயந்திரம் என்று வாய் ஓயாமல் கதைப்பாள். என் பஸ்ஸின் பிரேக் கிரீச்சிடுவதைப் பற்றிக் கேட்பாள். எல்லாம் நின்றுவிட்டது. என்னிடம் அவள் அப்பா என்று சொல்லி எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கினேன்.

இரண்டு கிழமை கழித்துச் செவ்வாய்க்கிழமைகளில் அவள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். எட்டு மணிக்குத் தொடங்கியவள் ஆறரைக்குத் தொடங்குகிறாளாம். ஆர்ண்டெல் பார்க் பக்கம் போகிற முதல் பஸ் ஐந்து நாற்பதுக்கு. பதினாறு வயதுப் பிள்ளை அந்தக் குளிரில் இருட்டோடு ஏன் போக வேண்டும் என்று யோகாவிடம் பாய்ந்தேன். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.

"அந்த நேரத்தில எங்கட சனம் ஒண்டும் ஸ்ரேசன்ல நிக்காதாம். அப்பாக்கு வெட்கமாப் போயிடுமாம். என்ன நடந்ததெண்டு கேட்டன், பிள்ளை சொல்லேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

சொன்னேன். கதிரையில் இருந்துகொண்டு, மேசையைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னேன். அன்றிரவு யோகா எனக்குச் சோறு போட்டுத் தரவும் இல்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன்.

பொய்யை அவிழ்க்காமல் பிள்ளையின் முகத்தில் முழிக்க முடியாது என்று எனக்கு விளங்கியது. ஆனால் விளங்குவது ஒன்று, செய்வது ஒன்று. ஒவ்வொரு செவ்வாயும் அண்ணை ஏறினார், ஒவ்வொரு செவ்வாயும் நான் வானிலையைப் பற்றிக் கதைத்தேன். ஒரு நல்ல காலம், அந்த நாளுக்குப் பிறகு அவர் மகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார், வயது போகிறதுதானே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். இப்படியே ஓகஸ்ட் மாதமும் பாதி போனது.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் புத்தகப் பையை அலுமாரியிலிருந்து எடுத்து என் ஆசனத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினேன். பிளாக்டவுனில் எனக்கு ஏழு நிமிடம் தரிப்பு. சனம் இறங்கி முடிய, அண்ணை எழும்ப, நில்லுங்கோ என்று சொல்லிப் பையை எடுத்து நீட்டினேன்.

"அண்ணை, இது உங்கட புத்தகங்கள். ஒண்டும் திறக்கேல்லை. என்ர மகள் டொக்டருக்குப் படிக்கேல்லை. பள்ளிக்கூடத்தோட சேர்த்து மெக்கானிக் வேலை பழகுறா. அண்டைக்கு ரெயின் நிண்ட நாள் ஏறின பிள்ளை…"

அண்ணை பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி இருந்தார்.

"தெரியும் தம்பி," என்றார். "சின்னனில என்ர கையால பேச்சுப்போட்டிப் பரிசு வாங்கின பிள்ளையை எனக்குத் தெரியாதோ. ஏறேக்கையே தெரியும்."

தெரிந்துகொண்டா கேட்டீர்கள் என்றேன். நீர் பெருமையாக என்ர மகள் எண்டு சொல்லுவீர் என்றுதான் கேட்டேன் என்றார். எனக்குப் பஸ்ஸோடு நிலத்துக்குள் போய்விட்டால் போதும் என்று இருந்தது. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. சொல்லலாமா விடலாமா என்று யோசிக்கிறவர் போலத் துவாய்ப் பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். ரெயின் நின்ற அன்றைக்கு அவரும் அவளுக்குப் பின்னாலேயே இறங்கிப் போயிருக்கிறார். லக்சிகா தரிப்பிடத்துக் கூரைக்குக் கீழே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.

"நீ அருந்தவன்ர மகளெல்லோ பிள்ளை எண்டு கேட்டன். நிமிர்ந்து என்ர முகத்தைப் பார்த்து, 'இல்லை அங்கிள், நான் இண்டியா. நீங்கள் ஆரையோ நினைக்கிறியள் போல' எண்டு சொல்லிச்சுது. அச்சொட்டா எங்கட தமிழில சொல்லிச்சுது. உம்மைப் பொய்யனாக்க அதுக்கு மனம் வரேல்லை, தம்பி. அதுக்குப் பிறகு நான் எப்பிடி உம்மட்டை மகளைப் பற்றிக் கேக்கிறது?"

ஏழு நிமிடம் முடிந்துவிட்டது. அவர் என் தோளில் தட்டிவிட்டு, நன்றி சொல்லி, முன் கதவால் இறங்கினார். வெளியில் நின்ற சனம் கண்ணாடியைத் தட்டியது. நான் கதவைத் திறக்கவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக நாலு நிமிடம் பிந்தி எடுத்தேன்.

அன்றைக்கே டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவரிடம் போய், அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்து நாற்பது பஸ்ஸை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். அந்த ஓட்டத்தைக் கேட்டு வாங்குகிறவன் ஒருவனும் இல்லை, உடனே தந்தார். ஒரு கிழமை முழுக்க அவளுக்குச் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கினேன். அண்ணையிடம் சொல்லிவிட்டேன் பிள்ளை, இனி யாரிடமும் மறைக்க மாட்டேன், என்னை மன்னித்துக்கொள். வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் செய்த பிழையைப் பஸ்ஸிலேயே திருத்த வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிய ஐந்து நாற்பதுக்கு ஸ்ரேசன் தரிப்பிடத்தில் அவள் தனியாக நின்றாள். தலையில் கம்பளித் தொப்பி, முதுகில் பள்ளிக்கூடப் பை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. கதவைத் திறந்தேன். படியில் கால் வைத்தவள் என்னைக் கண்டு அப்படியே நின்றாள். அடுக்கி வைத்த ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை.

"ஏறு பிள்ளை," என்றேன். "என்ர மகளெல்லோ."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையை நீட்டி, பஸ்ஸின் உள்ளே கடைசி இருக்கை வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஓப்பல் அட்டையைத் தட்டிவிட்டு, எனக்குத் தைரியம் சொல்லுகிறவள் போல மெதுவாகத் தமிழில் சொன்னாள்:

"ஒருத்தரும் இல்லை அப்பா. பயப்பிடாதேங்கோ."

சொல்லிவிட்டுப் பின்னுக்குப் போய் இருந்தாள். நான் கதவை மூடிவிட்டுப் பஸ்ஸை எடுத்தேன்.